கல் தலையணையும் ஒரு சம்மதமும்

மதுரையில் ஏறிய பஸ்ஸில் நான் தியானம்தான் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் அதைத் தூக்கம் என்று நினைத்துவிட்டார். கண் விழித்துப் பார்த்தபோது அவர் நினைத்ததே சரியாக இருந்தது. என் தலை அவருடைய தோளில் கிடந்தது. அவரது வெள்ளைச் சட்டையில் என் வாயோரத்து ஈரம் ஒரு தேசப்படம் போலப் பரவியிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஊர் எதையும் காணோம். தென்னந்தோப்புகளும் அவற்றுக்குப் பின்னால் நீல மலையும் ஓடிக்கொண்டிருந்தன.

"ராஜபாளையம் வர இன்னும் நேரமாகுமா?" என்று கேட்டேன்.

"ராஜபாளையமா? அது போயி செத்த நேரம் ஆச்சே! கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துனாரு. நீங்க சிவகிரிக்குத்தான் வாரீகன்னு நெனச்சேன்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "அம்புட்டு அசந்து தூங்குனீக. எழுப்ப மனசு வரலை" என்றார்.

நடுரோட்டில் இறங்கினேன். எதிர்ப்பக்கம் வந்த டவுன் பஸ்ஸில், கோழிக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாவின் பக்கத்தில் நின்றபடி திரும்பி வந்தேன். எங்கள் கண்டி பஸ்களில் கண்டக்டர் ஆட்களை அடைப்பார், ஆனால் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். இங்கே நான் ஊரைத் தவறவிட்ட கதை அடுத்த நிறுத்தத்துக்குள் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. ராஜபாளையம் வந்ததும் ஒரே குரலில் எல்லாரும் என்னைப் பார்த்து, "எறங்குங்க! எறங்குங்க!" என்றார்கள். கோழிகள்கூடக் கத்தின.

பஸ் நிலையத்தில் மச்சான் முருகேசன் ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மனைவி இந்திராணியின் தம்பி. எங்கள் கலியாணம் முடிந்த கையோடு அவளுடைய அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அப்போது இவர் அரைக்கால் சட்டை போட்ட பொடியன். இன்று தலை நரைத்து, பேண்டேஜ் துணி நெய்யும் சின்னத் தறிக்கூடம் ஒன்றுக்கு முதலாளி.

"உலகத்துல எவன் கீழ விழுந்து அடிபட்டாலும் நம்ம துணிதான் அத்தான் கட்டணும்" என்பது அவருடைய பெருமை.

என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "மாப்பிள்ளையும் கூட வருவாருன்னு நெனச்சேன்" என்றார். நான் இருமினேன். அந்த இருமலோடு முதல் நாளின் முக்கால்வாசி போய்விட்டது.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்டியில் எனக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை இருக்கிறது. முருகன், மாதா, புத்தர் என்று யார் வந்தாலும் அளவெடுத்து, கண்ணாடி வெட்டி, மரச்சட்டம் அடித்துக் கொடுப்பேன். எங்களுக்கு நெடுங்காலம் பிள்ளை இல்லை. இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு பிறந்தவன் பிரதீபன். முருகேசனுக்கு ஒரு மகள், கயல்விழி. இரண்டும் குழந்தைகளாக இருந்தபோதே அக்காவும் தம்பியும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

போன வருஷம் காட்டுக்குள் இருக்கும் ஒரு விகாரையிலிருந்து ஒரு பெரிய புகைப்படம் சட்டம் போட வந்தது. பாறையில் செதுக்கிய, படுத்திருக்கும் புத்தர். ஒரு கை கன்னத்துக்கு அடியில், மறு கை உடம்போடு நீண்டு. படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பிரதீபனும் கூட வந்தான். அங்கே இருந்த பெரிய பிக்கு, நாங்கள் மரியாதையாக ஹாமுதுரு என்று சொல்வோம், எங்களை உட்காரவைத்து, "என்ன தெரிகிறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"புத்தர்" என்றேன் நான்.

"தலையணையைப் பாருங்கள்" என்றார்.

எத்தனையோ தரம் துடைத்த படம். அப்போதுதான் பார்த்தேன். தலை அழுத்திய இடத்தில் தலையணை குழிந்திருந்தது. கல்தான், ஆனால் பஞ்சு போலக் குழிந்திருந்தது. அந்தச் சிற்பி யாரோ, கல்லில் பாரத்தைச் செதுக்கியிருக்கிறான்.

"இது சாகப்போகிறவரின் படுக்கை" என்றார் ஹாமுதுரு. "மேல் பாதம் கீழ்ப் பாதத்தைவிடக் கொஞ்சம் பின்வாங்கி இருக்கிறது, பாருங்கள். ஓய்வுக்காகப் படுத்தவருக்கு இரண்டு பாதமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். இவர் போகப்போகிறார், அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் தலையின் பாரத்தை முழுக்கத் தலையணையிடம் கொடுத்துவிட்டார். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். தலையின் பாரத்தைக் கொடுங்கள். தோளின் பாரத்தைக் கொடுங்கள். கடைசியில் ஒன்று கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதைப் பிடுங்காதீர்கள். பார்த்துக்கொண்டிருங்கள்."

நான் அதைப் படுக்கையில் தூக்கம் வருவதற்காகச் செய்துவந்தேன். என் மகன் வேறு மாதிரிச் செய்திருக்கிறான். இந்த வருஷம் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு, வெள்ளை உடுத்தி, அந்த விகாரைக்கே போய்விட்டான். காவி உடுத்த வேண்டுமானால் தாய் தகப்பன் சம்மதம் வேண்டும். இந்திராணி ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் கடைக்குப் போய் அவனுக்கு இடுப்பில் கட்ட இரண்டு வெள்ளைச் சாரம் வாங்கிவந்தாள். அதுதான் அவளுடைய சம்மதம்.

நான் மட்டும், "ராஜபாளையம் போய்வந்து சொல்கிறேன்" என்றேன். மச்சானுக்கு முகம் பார்த்துச் சொல்லாமல் எப்படி? அந்தப் பெண்ணுக்கு என்ன பதில்? நியாயமான காரணம் என்று எல்லாருமே ஒத்துக்கொண்டார்கள். வருகிற பௌர்ணமிக்கு மற்றவர்களோடு அவனுக்கும் காவி கொடுப்பதாக இருந்தது. நான் வேண்டாம் என்றால் அவன் திரும்பி வந்து கடையில் சட்டம் அடிப்பான். முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மச்சான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் மனைவி செல்வி ஒரு தட்டு நிறைய மாம்பழம் வெட்டிவைத்தார். சப்பட்டை என்று பெயர். பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. எங்கள் யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பானை விட்டால் வேறு மாம்பழமே இல்லை என்று இத்தனை காலம் சாதித்துவந்தவன் நான். ஒரு துண்டைக் கடித்துவிட்டு, ஊருக்குப் போய் இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "பாகுன்னாரா?" என்று தெலுங்கில் நலம் விசாரித்தார். எனக்குப் புரிந்த மாதிரி தலையாட்டினேன். "சம்பந்தி வந்தாச்சு, இனி என்ன" என்று அடுத்துத் தமிழில் சொன்னார். மாம்பழம் தொண்டையில் நின்றது.

"ஆவணியில வச்சிக்கிடலாம் அத்தான்" என்றார் மச்சான். "மண்டபத்துக்காரர் நம்ம ஆளுதான்." சாப்பாட்டு இலை போட்டார்கள். நான் வாயைத் திறந்தபோதெல்லாம் செல்வி அதில் சாப்பிட ஏதாவது வைத்தார்.

அடுத்த நாள் காலையில், மலையடியில் அய்யனார் கோவிலுக்குப் போனோம். மேலே சாரல் விழுந்திருப்பதால் அங்கே அருவியில் தண்ணீர் வரும் என்றார் மச்சான். ஒரு ஆட்டோ பிடித்து, அது பாதி வழியில் மூச்சை விட, மச்சானும் டிரைவரும் தள்ள, நான் உள்ளே உட்கார்ந்து வெட்கப்பட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். செல்வி கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தை நுழைவிலேயே ஒரு குரங்கு வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். கையை நீட்டியது, நானும் கொடுத்துவிட்டேன். கண்டியிலும் குரங்குகள் உண்டு, அவை திருடும். இது உரிமையோடு கேட்டது.

"பாரத்தைக் கொடுத்துட்டீக" என்று மச்சான் சிரித்தார். தியானத்தைப் பற்றி அவரிடம் வழியில் சொல்லியிருந்தேன். எதற்காகச் சொல்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அருவியில் தலையைக் கொடுத்தேன். குளிர் முதுகில் இறங்கியபோது எனக்குத் துணிச்சல் வந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று தலையைத் தேய்த்துக்கொண்டிருந்த மச்சானின் காதருகே போய்க் கத்தினேன்.

"முருகேசு! பிரதீபன் துறவுக்குப் போகிறான்!"

"என்னது?"

"துறவு! துறவு!"

"தறியா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தறிக்கா வாராரு? எதுக்கு வெளிய தேடணும்? நம்ம தறியையே பாத்துக்கிடட்டும் அத்தான்!"

தண்ணீருக்குள்ளேயே என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, ஒரு பாறையில் உட்காரவைத்து, சத்தம் குறைந்த இடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் எல்லாம் போன பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார்.

"ஏன் அத்தான்," என்றார் கடைசியில், "எம்பொண்ணை வேண்டாம்னு சொல்லணும்னா நேராச் சொல்லிட்டுப் போகலாமே. அதுக்கு சாமியாராப் போகணுமா?"

அதற்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் திரும்பும் வழியில் எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார். கடைக்காரரிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. வீட்டில் சாப்பாடு பரிமாறும்போது, "அவியளுக்கு ரசம் ஊத்து" என்று செல்வியைப் பார்த்துச் சொன்னார். அத்தான் என்றவர் என்னை அவியளாக்கிவிட்டார்.

சாயங்காலம் கயல் வேலை முடிந்து வந்தாள். ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தலைமுடியில் பஞ்சு துளித்துளியாக ஒட்டியிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "வாங்க மாமா, புரோட்டா சாப்பிட்டு வருவோம்" என்று ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

அந்த ஸ்கூட்டிப் பயணத்தில் என் ஆயுள் கொஞ்சம் குறைந்தது. பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடி, தலையின் பாரம், தோளின் பாரம் என்று ஆரம்பித்தேன். "மாமா, என் தோளைப் பிடிச்சு அமுக்காதீங்க, வண்டி ஒரு பக்கமா இழுக்குது" என்றாள்.

கடையில் எண்ணெயில் பொரித்த புரோட்டா, மேலே சால்னா. எங்கள் ஊர்க் கொத்து ரொட்டிக் கடைகளில் இரும்புத் தகட்டின் சத்தம்தான் பாதி ருசி. இங்கே கல்லில் எண்ணெய் சிரிக்கும் சத்தம். முதல் புரோட்டாவை அவள் நிதானமாக முடித்தாள்.

"நூல் எந்த இடத்துல அறுந்துபோகும்னு இழுத்துப் பாக்குறதுதான் மாமா என் வேலை" என்றாள் திடீரென்று. "உங்களையும் அப்பாவையும் ஒரு நாளைக்கு மேல இழுக்க முடியாது போல. எனக்கு எல்லாம் தெரியும். தை மாசமே அத்தான் போன் பண்ணிச் சொல்லிட்டாக."

"உன்னிடமா? எங்களிடம் சொல்வதற்கு முன்பா?"

"மொதல்ல எங்கிட்டத்தான் சொல்லணும்னு நெனச்சாகளாம். அது சரிதானே?"

நான் இலையைப் பார்த்தேன். "உனக்கு வருத்தம் இல்லையா கயல்?"

"ஆசை இருந்துச்சு மாமா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் யாரையும் பாக்கப் பிடிக்கலை. சின்ன வயசுலேருந்து பேர் சேத்தே சொல்லிட்டாங்கல்ல." சால்னாவில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டாள். "பொறவு ஒரு நா யோசிச்சேன். அவுக எங்கிட்ட மறைக்கலை. ஏமாத்தலை. எனக்குப் பிடிச்சது அந்தக் கொணம்தானே. அதே கொணத்தோட போறாக. அதுல நான் எதைக் குத்தம் சொல்ல?"

சர்வர் வந்து இன்னும் சால்னா ஊற்றிவிட்டுப் போனார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க இன்னும் சரின்னு சொல்லலையாமே? எனக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கீங்கன்னா, விட்டுருங்க மாமா. என்னைக் காரணம் காட்டாதீங்க."

புரோட்டா மிருதுவாகத்தான் இருந்தது. எனக்குத்தான் விழுங்க நேரமானது. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் நான் கையில் பிடித்திருந்த கடைசிக் காரணம். அதையும் அவள் புன்னகையோடு வாங்கி மேசையில் வைத்துவிட்டாள். பின்னே என்னை என்னதான் தடுக்கிறது?

மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். கூட்டிப்போவதாக முதலிலேயே சொல்லிவிட்டதால் மச்சான் கூட்டிப்போனார். கோபம் வேறு, வாக்கு வேறு. பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துவிட்டு, அவர் இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். செல்வி எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வரிசையில் உட்கார்ந்து, முன்னால் திரும்பி ஒரு தரம், பின்னால் திரும்பி ஒரு தரம் பேசினார்.

தூரத்திலேயே கோபுரம் தெரிந்தது. பஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது ஜன்னலுக்குள் வந்து நின்றது. படியேறிப் பெருமாளைப் பார்க்கப் போனோம். இங்கேயும் படுத்த கோலம்தான். மூன்று வாசல்கள் வழியாகப் பார்க்க வேண்டும், முகம், உடம்பு, பாதம் என்று. எனக்குக் கால் நகரவில்லை. நான் சட்டம் போட்டுக் கொடுத்த படத்திலும் ஒருவர் இப்படித்தான் படுத்திருக்கிறார். அவர் எல்லாவற்றையும் விட்டுப் போகப் படுத்தவர். இவர் எல்லாவற்றையும் வைத்துக் காக்கப் படுத்தவர். அவர் தனியாகப் படுத்திருக்கிறார். இவருடைய பாதத்தின் பக்கம் தேவியர் இருவர் இருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு பேர் உடம்பிலும் எங்கேயும் ஒரு விறைப்பு இல்லை. படுப்பது என்றால் இப்படிப் படுக்க வேண்டும்.

வாசலில் நின்றபடியே ஹாமுதுரு சொன்னதைச் செய்தேன். தலையின் பாரம், தோளின் பாரம். பேரப்பிள்ளை ஆசையைக் கொடுத்தேன், அது போய்விட்டது. எனக்குப் பின் கடை என்ன ஆகும் என்பதைக் கொடுத்தேன், அதுவும் போனது. ஒன்று மட்டும் அடம்பிடித்தது. அது என்ன என்று குனிந்து பார்ப்பதற்குள், "நகருங்க சாமி, நகருங்க, பின்னால ஆளு நிக்கிறாங்க" என்றார் அர்ச்சகர். நகர்ந்தேன்.

வெளியே நந்தவனத்தருகே நிழலில் உட்கார்ந்தோம். மச்சான் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். எட்டிப் போய் உட்காரவில்லை என்பதைக் கவனித்தேன். செல்வி துளசிச் செடிகளைக் காட்டிச் சொன்னார்.

"இங்கனதான் அண்ணே, சாமிக்கு மாலை கட்டுனவருக்குப் பொண்ணு கெடச்சது. பூப்பறிக்க வந்தவரு, துளசிக்கடியில கொழந்தை கெடக்குதுன்னு தூக்கிட்டுப் போயி ஒத்தைப் பொண்ணா வளத்தாரு. அது வளந்து, கட்டுனா சாமியைத்தான் கட்டுவேன்னுருச்சு. அவரும் பல்லக்குல ஏத்திக் கூட்டிட்டுப் போயி, சாமிகிட்டயே விட்டுட்டு வந்தாரு."

இந்தக் கதையை அறியாதவனில்லை நான். அந்தப் பெண்ணின் படத்துக்கு எத்தனையோ சட்டம் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தகப்பன் திரும்பி வந்த வழியை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பல்லக்கு காலியாகத்தானே வந்திருக்கும்? தூக்கி வந்தவர்களுக்குப் பாரம் இல்லை. கூட நடந்து வந்தவருக்கு?

"திரும்பி வந்து அவர் என்ன செய்தாராம், செல்வி?"

செல்வி என்னை விநோதமாகப் பார்த்தார். "என்ன செய்வாரு? மறுநா விடிஞ்சதும் பூப்பறிக்க வந்திருப்பாரு. சாமிக்கு மாலை கட்டணும்ல?"

எனக்கு அடம்பிடித்தது எது என்று அப்போது தெரிந்தது. காவி உடுத்திவிட்டால் அவன் எனக்கு மகன் இல்லை. அப்பா என்று கூப்பிட மாட்டான். வீட்டுக்கு வந்தால் நானும் இந்திராணியும்தான் அவன் காலில் விழுந்து வணங்க வேண்டும். தூக்கி வளர்த்தவன் குனிய வேண்டும். அந்த ஒரு வார்த்தையை, அப்பா என்பதை, நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஹாமுதுரு சொன்னபடி அதைப் பிடுங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தகப்பனும் தாயார் சந்நிதியில் மற்றவர்களோடு வரிசையில் நின்றுதான் தன் மகளைக் கும்பிட்டிருப்பார். கும்பிட்டுவிட்டு, நான் கட்டின மாலை நன்றாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்திருப்பார். நினைத்தபோது சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது.

"அத்தான்."

மச்சான்தான். முதுகைத் திருப்பாமலே கேட்டார்.

"அங்க பையன் என்ன சாப்பிடுவான்?"

"பிச்சையில் கிடைப்பது. மதியத்துக்குப் பிறகு சாப்பாடு இல்லை."

"ராத்திரி?"

"கிடையாது."

அவர் முழுதாகத் திரும்பிவிட்டார். "எங்க அக்கா மவன் ராத்திரி பட்டினியாவா கெடப்பான்? இது என்ன நியாயம்?" என்றார். கண்கள் சிவந்திருந்தன. கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினார். "மதியத்துக்கு முன்னால இனிப்பு திங்கலாம்ல?"

"யாராவது கொடுத்தால் சாப்பிடலாம்."

"எந்திரிங்க" என்றார்.

பால்கோவாக் கடை கோவிலிலிருந்து நடக்கும் தூரம். வாசலில் கூட்டம், தெருவில் ஹாரன், பின்கட்டில் பெரிய சட்டியில் பால் சுண்டும் மணம். எங்கள் ஊரில் எருமைத் தயிரில் கித்துள் பாணி என்ற ஒருவகைப் பனைப்பாகு ஊற்றிச் சாப்பிடுவோம், பாலை இதற்கு மேல் இனிப்பாக்க முடியாது என்று நினைத்திருந்தேன். மாம்பழத்துக்கு அடுத்து இரண்டாவது தோல்வி. மச்சான் பெட்டி பெட்டியாக எடுத்து வைத்துக்கொண்டு, விகாரையில் எத்தனை பேர் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருத்தனுக்கு மட்டும் கொடுத்தால் நன்றாக இருக்காதாம்.

அப்போதுதான் பிரதீபனைக் கூப்பிட்டேன். விகாரையில் மதியச் சாப்பாடு முடிந்து அவனுக்குத் தொலைபேசி கிடைக்கும் நேரம். இந்த இரைச்சலில் வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் அதுதான் பேசிக்கொண்டிருந்தது.

"அப்பா? சாப்பிட்டீங்களா?" என்றான். அந்த வார்த்தையைக் காதில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"தம்பி, எனக்குச் சம்மதம்."

"கேட்கேல்லை அப்பா. இரைச்சலா இருக்கு."

"சம்மதம் என்கிறேன்!"

பிறகு அவன் குரல் மாறி வந்தது. "பெரிய ஹாமுதுரு பக்கத்திலதான் இருக்கிறார். அவரும் உங்கட வாயால கேட்க வேணுமாம். தமிழிலயே சொல்லுங்கோ, அவருக்கு விளங்கும்."

வாசலில் ஒரு லாரி ஹாரனை அழுத்திப் பிடித்தது. நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, என் ஆயுளில் எழுப்பாத சத்தத்தில் கத்தினேன்.

"என் மகனுக்கு என் முழுச் சம்மதம்! சந்தோஷமாகச் சொல்கிறேன்!"

லாரி போய்விட்டது. கடை மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொலைபேசியில் ஹாமுதுரு, "சாது, சாது, சாது" என்றார். நல்லது என்று மூன்று தரம். அவருக்குப் பின்னால் என் மகன் சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பேசி முடித்துத் திரும்பினால் கடைக்காரர் சூடான பால்கோவாவை இலைத் துண்டுகளில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல இனிப்பு எடுத்துக்கிடுங்க. பையன் விசயம் முடிவாயிருச்சு போல?"

"ஆமாம்" என்றேன்.

"சந்தோசம். எந்த எடம்?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் கையில் இருந்த பெட்டிகளை மேசையில் வைத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"ரொம்பப் பெரிய எடம் அண்ணாச்சி" என்றார். "நாங்க எதிர்பாக்கவே இல்லை. பையனைப் பிடிச்சுப்போயி அவியளே கேட்டுட்டாக."

"அப்படியா! செய்முறையெல்லாம் எப்பிடி?"

"நாங்களும் ஒண்ணும் கேக்கலை, அவியளும் ஒண்ணும் கேக்கலை. பையன் கட்டுன துணியோட வந்தாப் போதுமாம்." மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். உதடு துடித்தது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "அந்தத் துணியையும் அவியளே மாத்திக்கிடுவாகளாம்."

"இந்தக் காலத்துல இப்பிடி ஒரு சம்பந்தமா!" என்று கடைக்காரர் வியந்துபோய், பின்கட்டில் பால் கிண்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு அதை அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.